கருப்புத் திரையும் கெடிலக்கரையும்

டிஸ்கி 1: இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. பொட்டி தட்டுற மக்கள் நேரா படிக்கலாம். மத்தவங்க நடுவுல வர்ற கமாண்டை எல்லாம் சாமி மந்திரம் மாதிரி தாண்டிப் போயிடுங்க, கதை புரியும்.

டிஸ்கி 2: ஆஸ்பத்திரி பேரு, ஆளுங்க பேரு எதுவும் இருக்காது. தப்பு எல்லாம் என்னுது, அதனால என் பேரு போதும் :-)

எங்க ஊரு திருவந்திபுரம். கடலூர்லேர்ந்து ஆறேழு கிலோமீட்டர். தேவநாத சுவாமி கோயில், எதிர்த்தாப்புல ஔஷதகிரி மேல ஹயக்ரீவர், கீழ கெடிலம். முகூர்த்த நாள்ல வந்தீங்கன்னா மாலையும் கழுத்துமா ஜோடி ஜோடியா நிப்பாங்க, ரோட்டுல பைக் கூட நுழையாது. மத்த நாள்ல அமைதியான ஊரு. அந்த அமைதிக்காகத்தான் சென்னையில ஆணி புடுங்கிட்டிருந்த நான், கொரோனா காலத்துல மூட்டை முடிச்சோட திரும்பி வந்தவன், அப்படியே இங்கயே தங்கிட்டேன். அப்பாவுக்கு உடம்பு முடியாம போனது ரெண்டாவது காரணம். உண்மையைச் சொன்னா அதுதான் முதல் காரணம்.

அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. கடலூர்ல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வெளிய பெஞ்சுல உக்காந்து உக்காந்து அங்க எல்லாரும் பழக்கம் ஆயிட்டாங்க. ஒரு நாள் அங்க இருக்குற சிஸ்டர், "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் வேலதான? எங்க சிஸ்டம் அடிக்கடி நின்னுடுது, கொஞ்சம் பாக்குறீங்களா?"ன்னு கேட்டாங்க. பாத்தேன். பாத்தவன் மாட்டினேன்.

மாடியில ஒரு பழைய சர்வர். அதுல லினக்ஸ் போட்டு, கேவிஎம் வச்சு, ரெண்டு விஎம் ஓட்டிவிட்டேன். விஎம்னா விர்ச்சுவல் மெஷின், ஒரு பொட்டிக்குள்ள ரெண்டு கற்பனைப் பொட்டி. ஒண்ணுல டயாலிசிஸ் லிஸ்ட்: யாருக்கு எந்தக் கிழமை, எந்த ஷிஃப்ட், எந்த ஊரு, போன் நம்பர் என்ன, போன தடவை எடை எவ்வளவு. இன்னொண்ணு பில்லிங். காசு வாங்கல. அப்பாவைப் பாத்துக்குறாங்க, அதுக்கு நம்மால ஆனதுன்னு நினைச்சேன். ஓசியில செய்யுற வேலையை எப்பவும் நாளைக்குன்னு தள்ளிப் போடுவோம் பாருங்க, அந்த வியாதி எனக்கும் உண்டு.

இப்ப 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்துட்டுப் போச்சான்னா, இல்ல. அங்கயே நகராம உக்காந்து ஊத்துச்சு. புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. எங்க பக்கம் எல்லாருக்கும் 2011 டிசம்பர் 30 ஞாபகம். தானே புயல் வந்த நாள். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு, கிராமத்துல வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கிடந்தது. அதனால அம்மா சனிக்கிழமை சாயந்திரமே குடம், அண்டா, பக்கெட் எல்லாத்துலயும் தண்ணி பிடிச்சு வச்சிட்டு, இருக்குற போன் எல்லாத்தையும் சார்ஜ்ல போட வச்சாங்க. என் லேப்டாப்பை மட்டும் நான் போடல. "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானம்மா"ன்னேன்.

ஞாயித்துக்கிழமை முழுக்க கரண்ட் இல்ல. சாயந்திரம் ஏழு மணி இருக்கும், போன்.

"தம்பி, சிஸ்டம் ஓபன் ஆவல. மத்தியானம் கரண்ட் போயி ஜெனரேட்டர் மாத்துனப்ப எல்லாம் ஒரு தடவ ஆஃப் ஆயி ஆன் ஆச்சு. பில்லு போடுறது வருது. லிஸ்ட்டு வரல."

"நாளைக்குப் பாக்கலாமா சிஸ்டர்? ரோட்டுல தண்ணி நிக்குது..."

"நாளைக்கு இல்ல தம்பி. ஆத்துல தண்ணி அதிகமா வரும்னு சொல்லிகிட்டே இருக்காங்க. தென்பெண்ணைக்கு அந்தாண்ட இருக்குறவங்க நாளைக்கு வர முடியுமான்னு தெரியல. டாக்டர் இன்னிக்கு ராத்திரியே ஒரு ஷிஃப்ட் போடலாங்குறாரு. யாரு யாருக்கு போன் பண்ணணும்னு லிஸ்ட் வேணும். என் நோட்டுல பாதி நம்பர்தான் இருக்குது."

டயாலிசிஸ் ஒரு தடவை தவறினா என்ன ஆகும்னு அந்த பெஞ்சுல உக்காந்தவங்களுக்குத் தெரியும். ஒடம்புல தண்ணி சேரும், மூச்சு வாங்கும். பொட்டாசியம் ஏறும், அது நேரா இதயத்துல கை வைக்கும். வெள்ளிக்கிழமை செஞ்சவங்களுக்கு சனி, ஞாயிறு ஏற்கெனவே ரெண்டு நாள் இடைவெளி. வாரத்துலயே பெரிய இடைவெளி அதுதான். அதுக்கு மேல இன்னும் ரெண்டு நாள்னா?

உள்ள எட்டிப் பாத்தேன். அப்பா கட்டில்ல சாஞ்சு உக்காந்து, மெழுகுவத்தி வெளிச்சத்துல சுவத்தைப் பாத்துகிட்டு இருந்தார். அவரும் திங்கள்கிழமை லிஸ்ட்.

லேப்டாப்பைத் தொறந்தேன். பேட்டரி 43 சதவீதம்.

வீட்டுக்குள்ள சிக்னல் இல்ல. மொட்டை மாடிப் படி முடியுற இடத்துல ஒரு சின்ன ரூம் இருக்கு, தண்ணி மோட்டார் சுவிட்ச்சும் பழைய பாயும் கிடக்கும். அங்க ரெண்டு கோடு சிக்னல். படியில உக்காந்து, மடியில லேப்டாப், பக்கத்துல ஹாட்ஸ்பாட் போட்ட போன். தங்கமணி குடையைக் கொண்டாந்து சாரல் அடிக்குற பக்கமா விரிச்சு வச்சிட்டுப் போனாங்க.

ஆஸ்பத்திரி சர்வருக்கு வெளியிலேர்ந்து நேரா வழி கிடையாது. அதனால மாச வாடகைக்கு எடுத்த ஒரு குட்டி மெஷின் நடுவுல இருக்கு. ஆஸ்பத்திரி சர்வர் தானா அதுக்கு ஒரு எஸ்எஸ்எச் சுரங்கம் தோண்டி வச்சிருக்கும். நான் குட்டி மெஷினுக்குப் போயி, அங்கேர்ந்து சுரங்கம் வழியா ஆஸ்பத்திரிக்குப் போவேன். போனேன். சர்வர் உயிரோட இருக்கு. அப்பாடா.

'வெர்ஷ் லிஸ்ட்'னு அடிச்சேன். ரெண்டு விஎம்மும் 'ரன்னிங்'னு காட்டுது. பில்லிங் விஎம்முக்குள்ள எஸ்எஸ்எச் போகுது. லிஸ்ட் விஎம்முக்குள்ள போகல. பிங் கூட பண்ணினா பதில் இல்ல.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். 'ரன்னிங்'ங்குறதுக்கு விஎம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, சுவிட்ச் போட்டிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். எஸ்எஸ்எச்ங்குறது வீட்டுக்கு உள்ள இருக்குற ஆள் வந்து தாழ்ப்பாள் தொறந்து விடுற மாதிரி. அந்த ஆளே எந்திரிக்கலன்னா நீங்க என்ன தட்டினாலும் பிரயோஜனம் இல்ல. அப்பத்தான் கன்சோல் வேணும். கன்சோல்னா அந்தக் கற்பனைப் பொட்டியோட மானிட்டரும் கீபோர்டும். அது விஎம்முக்கு உள்ள இல்ல, வெளிய. க்யூஎம்யூ அந்த விஎம்முக்காக ஒரு பொய் மானிட்டரை வரைஞ்சு, விஎன்சி வழியா நமக்குக் காட்டுது. உள்ள எல்லாம் செத்துக் கிடந்தாலும் அந்த மானிட்டர்ல கடைசியா என்ன எழுதியிருக்குன்னு பாக்கலாம்.

தியரி எல்லாம் பிரமாதம். ஒன்றரை வருஷமா ஒரு தடவை கூட அந்த மானிட்டரை வீட்டுலேர்ந்து தொறந்து பாத்ததில்லைங்குறதுதான் கதை.

முதல்ல 'வெர்ஷ் கன்சோல்' போட்டுப் பாத்தேன். அது சீரியல் கன்சோல், வெறும் எழுத்து. இத்துனூண்டு நெட் போதும். இணைஞ்சிடுச்சுன்னு சொல்லிச்சு. அப்புறம் மௌனம். எண்டர் தட்டினா மௌனம். ஏன்னா விஎம்முக்கு உள்ள கெர்னல்கிட்ட "சீரியல் போர்ட்லயும் பேசு"ன்னு நான் சொல்லி வைக்கல. ஒரே ஒரு வரி. 'அப்புறம் போட்டுக்கலாம்'னு விட்டது.

சரி, விஎன்சி. சர்வர்ல அது 127.0.0.1ல மட்டும்தான் காது கொடுக்கும், போர்ட் 5900. அது லிப்வர்ட்டோட இயல்பு, நல்லதுக்குத்தான். விஎன்சியோட பழைய பாஸ்வேர்டு முறை எட்டு எழுத்துக்கு மேல பாக்காது, போற வர்ற படமும் கீயும் பூட்டு இல்லாம போகும். அதை ஊருக்குத் தொறந்து விட்டா திருவிழாக் கூட்டத்துல பணப்பையை கையில பிடிச்சிகிட்டு நடக்குற மாதிரி. அதனால எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள்ளதான் கொண்டு வரணும். என் லேப்டாப்போட 5901ஐத் தட்டினா அந்தப் பக்கம் 127.0.0.1ல 5900க்குப் போ, அவ்வளவுதான். அடிச்சேன். வியூவரைத் தொறந்தேன்.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு."

மறுபடி. அதே. நெட் பிரச்சினையோன்னு ஹாட்ஸ்பாட்டை அணைச்சுப் போட்டேன். அதே. பேட்டரி 36. ஒரு நிமிஷம் 127.0.0.1ஐ 0.0.0.0ன்னு மாத்தி எல்லாத்துக்கும் தொறந்து விட்டுடலாமான்னு கை பரபரத்துச்சு. பயத்துல செய்யுற வேலை எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். நல்ல வேளை, அதுக்கு விஎம்மை நிறுத்திக் கிளப்பணும்ங்குறதால யோசிச்சேன்.

யோசிச்சப்பதான் தெரிஞ்சுது. அவசரத்துல சுரங்கத்தை நடுவுல இருக்குற வாடகை மெஷினோட நிறுத்திட்டேன். 127.0.0.1னா 'நம்ம வீடு'ன்னு அர்த்தம். யாரு வீடு? சுரங்கம் எங்க முடியுதோ அந்த மெஷினோட வீடு. வாடகை மெஷின்ல விஎன்சியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அது பாவம் "இங்க யாரும் இல்ல"ன்னு சரியாத்தான் சொல்லியிருக்கு. எஸ்எஸ்எச்ல 'மைனஸ் ஜே'ன்னு ஒண்ணு இருக்கு, நடுவுல ஒரு இடத்துல இறங்காம தாண்டிப் போறதுக்கு. அதைப் போட்டு ஆஸ்பத்திரி சர்வர் வரைக்கும் சுரங்கத்தை நீட்டினேன்.

திரை வந்துச்சு! அழகா 'லாகின்:'னு கேக்குது. படியில உக்காந்து தனியா சிரிச்சேன். யூசர் பேரு அடிக்கப் போறப்பதான் அந்த வரியில இருந்த மெஷின் பேரைப் பாத்தேன். பில்லிங். அவ்வ்வ்வ்.

5900 லிஸ்ட் விஎம், 5901 பில்லிங்னு என் டைரியில எழுதி வச்சிருந்தேன். ஆனா போர்ட்டை லிப்வர்ட்டே பாத்துக்கட்டும்னு விட்டா, எந்த விஎம் முதல்ல கிளம்புதோ அதுக்கு முதல் நம்பர். கரண்ட் போயி வந்ததுல பில்லிங் முந்திகிட்டு 5900ஐப் பிடிச்சிடுச்சு. பஸ்ல துண்டு போட்ட கதை. டைரியைப் பாக்காம 'வெர்ஷ் விஎன்சிடிஸ்ப்ளே'ன்னு கேட்டிருந்தா அது பத்து எழுத்துல பதில் சொல்லியிருக்கும். கேட்டேன். ':1'ன்னுச்சு. அதாவது 5901. சுரங்கத்தை மாத்தினேன்.

இப்ப திரை வந்துச்சு. முழுக்கக் கருப்பு.

உண்மையா சொல்றேன், அந்தக் கருப்பைப் பாத்தப்ப வயித்துல ஒண்ணு கழண்டு விழுந்துச்சு. டிஸ்க்கே போயிடுச்சா? லிஸ்ட்டே போயிடுச்சா? கீழேர்ந்து அப்பா இருமுற சத்தம். ரெண்டு நாள் ஆனா அவருக்கு அந்த இருமல் வரும், நுரையீரல்ல தண்ணி கோக்க ஆரம்பிக்குதுன்னு அர்த்தம்.

கருப்புத் திரைன்னா மூணு விதம். ஒண்ணு, இணைப்பே படத்தைக் கொண்டு வரல. ரெண்டு, உள்ள ஒண்ணுமே வரையல. மூணு, உள்ள எல்லாம் இருக்கு, திரை மட்டும் தூங்குது. அந்த விஎம்ல ஓடுறது செண்ட்ஓஎஸ் 7. (ஆமா, 2024 ஜூன் 30ஓட அதுக்கு ஆதரவு முடிஞ்சு போச்சு. ஆமா, மாத்தல. திட்டுங்க.) அதோட பழைய கெர்னல் பத்து நிமிஷம் யாரும் கீ அழுத்தலன்னா திரையை அணைச்சிடும். மத்தியானத்துலேர்ந்து யாரும் அழுத்தல. ஷிஃப்ட் கீயை ஒரு தட்டு தட்டினேன். ஷிஃப்ட்தான் தட்டணும், எண்டர் தட்டக் கூடாது. உள்ள என்ன கேள்வி நிக்குதுன்னு தெரியாம 'சரி'ன்னு சொல்லிடக் கூடாது இல்லையா.

ஒரு நொடி, ரெண்டு நொடி. எழுத்து வந்துச்சு.

எமர்ஜென்சி மோட். ரூட் பாஸ்வேர்டு கொடு, இல்லன்னா கன்ட்ரோல் டி.

இத்தனை சின்ன சிக்னல்ல அது வந்ததே பெருசு. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. விஎன்சியை 1990கள்ல கேம்பிரிட்ஜ்ல ஆலிவெட்டியோட ஆராய்ச்சிக் கூடத்துல பண்ணினாங்க. அந்தக் குழுவுல இருந்த குவெண்டின் ஸ்டாஃபோர்டு ஃப்ரேசர் அதுக்கு முன்னாடி 1991ல அங்க பல்கலைக்கழக கம்ப்யூட்டர் லேப்ல இருந்தப்ப, வேற மாடியில இருக்குற காபி பாத்திரத்துல காபி இருக்கா தீந்துடுச்சான்னு எந்திரிச்சுப் போகாம பாக்க கேமரா வச்ச கூட்டத்துல ஒருத்தர். அந்த காபிப் பாத்திரம்தான் உலகத்தோட முதல் வெப்கேம்னு பேர் வாங்குச்சு, 2001 வரைக்கும் ஓடுச்சு. தூரத்துல இருக்குற திரையைப் பாக்குற வித்தையும் அதே சோம்பேறித்தனத்துக்கு சொந்தம்தான் போல. விஷயம் என்னன்னா, விஎன்சியில அந்தப் பக்கம் படத்தை அள்ளிக் கொட்டாது. இந்தப் பக்கம் "அடுத்து கொடு"ன்னு கேட்டாத்தான், மாறின கட்டத்தை மட்டும் அனுப்பும். நெட் மெதுவா இருந்தா மெதுவா கேக்கும், அவ்வளவுதான். 2011ல ஆர்எஃப்சி 6143ன்னு எழுதி வச்சிருக்காங்க, ராத்திரி தூக்கம் வரலன்னா படிங்க, நல்லா இருக்கும்.

சரி கதைக்கு வர்றேன். ரெண்டாவது சிஸ்டர் கால். "தம்பி, ஆச்சா?" "அஞ்சு நிமிஷம் சிஸ்டர்." நம்ம ஜாதியோட அஞ்சு நிமிஷம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். அதுக்குள்ள சென்னையிலேர்ந்து அக்கா வாட்ஸப்ல, அப்பா எப்படி இருக்காருன்னு நாலு மெசேஜ். லேப்டாப்லயே பதில் அடிச்சேன். "நல்லா இருக்கார், நாளைக்கு எப்படியாவது கூட்டிப் போயிடுவேன்." திரும்ப விஎன்சி சன்னலுக்கு வந்து பாஸ்வேர்டு அடிச்சேன்.

தப்புன்னுச்சு.

மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. தப்பு. பாஸ்வேர்டு கேக்குற இடத்துல நாம அடிக்குறது திரையில தெரியாது பாருங்க, எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவே வழி இல்ல. நான்தானே வச்சேன்? வேற பாஸ்வேர்டா? மாத்தினேனா? நாலு பழைய பாஸ்வேர்டு எல்லாம் போட்டுப் பாத்தேன். எல்லாம் தப்பு. பேட்டரி 24. கை நடுங்குது, குளிரா பயமான்னு தெரியல.

தங்கமணி வந்து பின்னாடி படியில உக்காந்தாங்க. "என்னங்க, அந்தப் பாஸ்வேர்டை வேற எங்கயாவது ஒரு தடவ அடிச்சுப் பாருங்களேன். கண்ணுக்குத் தெரியுற இடத்துல."

நோட்பேடைத் தொறந்து அடிச்சேன். தமிழ்ல வந்துச்சு. கன்னாபின்னான்னு உயிரும் மெய்யுமா.

அக்காவுக்கு பதில் எழுத தமிழ்99க்கு மாத்தினவன் திரும்ப மாத்தல! நான் வச்சிருந்தது ஒரு பழைய குட்டி வியூவர். விஎன்சியில அடிப்படையில கீபோர்டுல எந்தக் கட்டையைத் தட்டினோம்ங்குறது போகாது, அந்தக் கட்டைக்கு என்ன எழுத்துங்குறதுதான் போகும். நான் தட்டினதை எல்லாம் அது தமிழ் எழுத்தாவே அனுப்பியிருக்கு. அந்தப் பக்கம் க்யூஎம்யூ, 'இந்த எழுத்துக்கு என்கிட்ட கட்டையே இல்லையே'ன்னு ஒவ்வொண்ணா கீழ போட்டிருக்கு. பாஸ்வேர்டுல இருந்த நம்பரும் எண்டரும் மட்டும் போய்ச் சேந்திருக்கு. புது வியூவர்கள் கட்டையோட நம்பரையும் சேத்து அனுப்பும், அதுல இந்தத் தொல்லை இல்ல. இருபது வருஷமா தமிழ்ல தட்டச்சு பண்ணணும்னு ஊரெல்லாம் பிரச்சாரம் பண்ணினவனுக்கு தமிழ் கொடுத்த பரிசு :-)

ஆங்கிலத்துக்கு மாத்தி அடிச்சேன். உள்ள போயிடுச்சு.

ஏன் கிளம்பலன்னு பாத்தா, சிரிக்குறதா அழுறதான்னு தெரியல. பேக்கப்புக்குன்னு ஒரு யூஎஸ்பி டிஸ்க் சொருகி வச்சிருந்தேன். மாடியில ஒழுகுதுன்னு அங்க இருக்குற வாட்ச்மேன் அண்ணன், டிஸ்க் நனைஞ்சிடக் கூடாதேன்னு நல்ல மனசோட அதைக் கழட்டி, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பீரோ மேல வச்சிருக்கார். விஎம்முக்கு உள்ள எஃப்எஸ்டேப்ல அந்த டிஸ்க்கை எழுதி வச்சவன், 'இல்லாட்டியும் பரவால்ல, நீ கிளம்பு'ன்னு சொல்லுற 'நோஃபெயில்'ங்குற ஒரு வார்த்தையை விட்டுட்டேன். அது ஒன்றரை நிமிஷம் டிஸ்க்குக்காகக் காத்திருந்து, வரலன்னதும் எமர்ஜென்சியில உக்காந்துடுச்சு. நம்பிக்கையான வேலைக்காரன், சொன்னதை அப்படியே செஞ்சிருக்கான்.

அந்த வரிக்கு முன்னாடி ஒரு ஹாஷ் போட்டேன். ரீபூட். இந்தத் தடவை எழுத்தெல்லாம் ஓடி, லாகின் வந்து நின்னுச்சு. மெஷின் பேரைப் பாத்தேன். லிஸ்ட்தான். மணி 8.50. பேட்டரி 19.

"சிஸ்டர், இப்பப் பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "வந்துடுச்சு தம்பி"ன்னாங்க. பின்னாடி பிரிண்டர் ஓடுற சத்தம் கேட்டுச்சு. எவ்வளவோ பாட்டு கேட்டிருக்கேன், அந்த பிரிண்டர் சத்தம் மாதிரி இல்ல.

அன்னிக்கு ராத்திரி போன் பண்ணி, ஏழு பேர் வந்து சேந்தாங்களாம். அதுல நாலு பேரு தென்பெண்ணைக்கு அந்தாண்ட. டிசம்பர் 2 விடியக்காலையில சாத்தனூர் அணையிலேர்ந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தொறந்து விட்டதையும், தென்பெண்ணை கரை மீறி ஊருக்குள்ள வந்ததையும் நீங்க டிவியில பாத்திருப்பீங்க. காலையில பண்ணியிருந்தா அந்த நாலு பேருக்கும் வழி இருந்திருக்காது.

அப்பாவை திங்கள்கிழமை சாயந்திரம் பக்கத்து வீட்டு டிராக்டர்ல உக்கார வச்சுக் கூட்டிப் போனோம். எடை மூணு கிலோ ஏறியிருந்துச்சு. ஊசி போட்டு மெஷின் ஓட ஆரம்பிச்சதும், "என்னடா ராத்திரி மாடியில பண்ணிகிட்டு இருந்த?"ன்னு கேட்டார். அப்பா ரிட்டையர்டு போஸ்ட்மேன். அவருக்குப் புரியுற மாதிரி 127.0.0.1 கதையைச் சொன்னேன்.

கேட்டுட்டு சிரிச்சார். "டேய், அட்ரஸ்ல ஊர் பேர் போடாம 'உள்ளூர்'னு எழுதுவாங்களே, அந்த மாதிரி. எந்த ஊர் பொட்டியில போட்டியோ அந்த ஊர்தான் அதுக்கு உள்ளூர். திருவந்திபுரம் லெட்டரை பண்ருட்டி பொட்டியில போட்டுட்டு வரலையேன்னா எப்படி வரும்?"

முப்பது வருஷம் நெட்வொர்க் படிச்ச புத்தகத்துல எல்லாம் இப்படி ஒரு விளக்கம் நான் பாத்ததில்ல.

அப்புறம் நான் திருத்தினது, உங்களுக்கும் உதவும்:

1. விஎம் கிளம்பலன்னா முதல்ல விஎன்சிக்கு ஓடாதீங்க. சர்வர்லயே 'வெர்ஷ் ஸ்க்ரீன்ஷாட்' அடிச்சா அந்தப் பொய் மானிட்டர்ல என்ன இருக்குன்னு ஒரு படமா எடுத்துக் கொடுக்கும். திரை தூங்கினா 'வெர்ஷ் சென்ட்கீ'ல அங்கேர்ந்தே ஒரு கட்டையைத் தட்டலாம். சுரங்கம், வியூவர் எதுவும் வேணாம். இது தெரியாமத்தான் அன்னிக்கு ஒரு மணி நேரம் போச்சு.

2. போர்ட் நம்பரை டைரியில எழுதாதீங்க, அப்பப்ப கேளுங்க. இல்லன்னா ஒவ்வொரு விஎம்முக்கும் நிரந்தரமா ஒரு நம்பர் கொடுத்துடுங்க. நான் கொடுத்துட்டேன்.

3. சுரங்கம் எங்க முடியுதுன்னு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. 'உள்ளூர்' எந்த ஊருன்னு அப்பத் தெரியும்.

4. சீரியல் கன்சோலை இன்னிக்கே தொறந்து வைங்க. மழை நாள்ல அதுதான் வந்து நிக்கும்.

5. பாஸ்வேர்டு தப்புன்னா, கண்ணுக்குத் தெரியுற இடத்துல ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. (ஐடியா உதவி: தங்கமணி.)

6. மழை இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்னே விஎம்மைக் கெடுத்து, வீட்டுலேர்ந்து அதை எழுப்பிப் பாருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இப்ப நான் செய்யுறேன். முதல் தடவை செஞ்சப்பவே இன்னும் ரெண்டு ஓட்டை கிடைச்சுது.

7. எல்லாத்துக்கும் மேல, சாயந்திரம் ஆறு மணிக்கு அடுத்த நாள் லிஸ்ட் தானா பிரிண்ட் ஆகுற மாதிரி பண்ணிட்டேன். ஒரே ஒரு தாள். சிஸ்டர் அதை மடிச்சு நோட்டுக்குள்ள வச்சிடுவாங்க. இத்தனை வித்தையையும் விட அந்தத் தாள்தான் பெருசு. அதை முதல் நாளே செஞ்சிருந்தா இந்தப் பதிவே இருந்திருக்காது.

செண்ட்ஓஎஸ் 7ஐயும் பொங்கலுக்குள்ள மாத்திட்டேன். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னப்ப பதறிட்டார். "ஐயோ, என்னால தான் கெட்டுதா சார்?" இல்லண்ணே, நீங்க டிஸ்க்கைக் காப்பாத்தினீங்க, நான்தான் ஒரு வார்த்தை எழுத மறந்தேன்னேன். நம்பினாரான்னு தெரியல. இப்பவும் மழை இருட்டினா போன் பண்ணுறார். "சார், டிஸ்க்கைக் கழட்டட்டுமா, வேணாமா?"

கழட்டுங்கண்ணே, இப்ப ஒண்ணும் ஆகாது.

டிஸ்கி 3: இந்தப் பதிவை தமிழ்99லதான் அடிச்சேன். முடிச்சதும் மறக்காம ஆங்கிலத்துக்கு மாத்திட்டேன்.